முதல் கல்யாண ஆர்டர்

1992-இல் இரவல் பென்டாக்ஸ் கே1000 கேமராவோடு ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போனேன். அட்வான்ஸ் 500 ரூபாய். தாலி கட்டியாயிற்று; எண்ணிக்கை 36-ஐத் தாண்டியும் ரோல் முடியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, ஃபிலிம் பல்சக்கரத்தில் மாட்டவே இல்லை!

மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனாலும் பெண்ணின் அப்பாவிடம் உள்ளதைச் சொல்லி, அட்வான்ஸை நீட்டினேன். திட்டித் தீர்த்தார். பிறகு, "மிச்சத்தையாவது ஒழுங்கா எடுப்பா" என்றார். இரண்டாவது மகள் கல்யாணத்துக்கும் என்னையே கூப்பிட்டார்.

அன்றிலிருந்து, ஃபிலிமைச் சுற்றும்போது ரீவைண்ட் குமிழும் சுழல்கிறதா என்று பார்க்காமல் படம் எடுத்ததில்லை. இன்று டிஜிட்டலில் இரண்டு மெமரி கார்டு போடுகிறேன். எத்தனை படம், எவ்வளவு தொகை, ஆல்பம் என்றைக்கு என்று எழுதிக் கொடுத்த பிறகே அட்வான்ஸ் வாங்குகிறேன்.

தொழிலுக்கு வரும் தம்பி, தங்கைகளே! தப்பு நடந்தால் முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள்.