மூவர் இசை

மாலை வேளையில் குரோம்பேட்டை வீதிகளில் நடந்து சென்றால், ஏதேனும் ஓர் இல்லத்தில் குழந்தை பிடில் பயிலும் ஒலி செவியில் விழக்கூடும். மேனாட்டு வாத்தியமாகிய பிடிலைப் பாலுஸ்வாமி தீட்சிதர் முதலியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்முடையதாக்கினர். ஆனால், அது தன் பிறந்தகத்தில் யாருடன் கூடி வாழ்கிறது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அங்கே பிடில், செல்லோ, பியானோ ஆகிய மூன்றும் சேர்ந்து இசைக்கும் முறை ஒன்று உண்டு. நம் கச்சேரியில் பாடுபவர் முன்னே செல்லப் பிடில் பின்தொடரும். இம்மூவர் இசையிலோ எதுவும் நிரந்தரப் பக்கவாத்தியம் அன்று. ஒவ்வொன்றும் மாறி மாறி முன்னிற்கும்.

ரஷ்ய இசைமேதை ஷோஸ்டகோவிச் 1944-இல் இயற்றிய இரண்டாம் மூவர் இசையை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டு மறைந்த தம் ஆருயிர் நண்பர் சொல்லெர்டின்ஸ்கியின் நினைவுக்கு அவர் அதனை அர்ப்பணித்தார். தொடக்கத்தில் செல்லோ தனித்து ஒலிக்கிறது. கனத்த குரலுடைய அவ்வாத்தியத்தின் தந்தியை விரலால் மெல்லத் தொட்டு, காற்றுப் போன்ற உச்ச நாதத்தை எழுப்புகின்றனர். அடுத்துப் பிடில் அதற்குக் கீழே நுழைகிறது. பியானோ இன்னும் ஆழத்தில் சேர்கிறது. உயர்ந்தது தாழ்ந்து, தாழ்ந்தது உயர்ந்துவிட்டது.

பெருந்துயரம் வந்த வீட்டில், அதட்டிப் பேசிய பெரியவரின் குரல் குழந்தையின் குரலாய் மெலிவதை நாம் கண்டதில்லையா? அதுவே இது. ராகம் எது, தாளம் எது என்று தேடாமல் ஒருமுறை கேளுங்கள். நம் வீட்டுப் பிடிலுக்கு அயலிலும் உறவினர் உண்டென்பது விளங்கும்.