மாசியில் வரும் தூது
(மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பஞ்சாங்கம் கூறும். கண்டாவளையிலோ அதன் தூது மாசியிலேயே வந்துவிடுகிறது. காலபோக வெட்டு முடிந்து வயலில் தாள் மட்டும் நிற்கும் அந்நாளில், விடியற்புறம் பனி கொட்டும். பத்து மணிக்கு வெயில் சுடும். வேம்பு பழுத்த இலையை உதிர்த்துச் செந்தளிர் விடும். வடகத்துக்குப் பூப் பொறுக்கும் காலம் அடுத்து வரும்.

இலுப்பையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இலை கொட்டிய கொம்பர்களின் நுனியில் அது கொத்துக்கொத்தாகப் பூக்கும். இரவெல்லாம் வௌவால்கள் மொய்க்கும். விடியுமுன் பூக்கள் உதிர்ந்து நிலத்தில் பரவிக் கிடக்கும், வாயிலிட்டால் இனிக்கும். பின்னர் வரும் வித்தின் எண்ணெய்தான் நம் முன்னோர் கோயில் விளக்குக்கு வார்த்தது. பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்குப் போகிறவர்கள் வழியில் அண்ணாந்து பார்க்கலாம்.

குயிலின் குரல் யாவரும் அறிந்தது. ஆனால் இங்கே வருவதைவிடப் போவதே பெரிய அடையாளம். சுண்டிக்குளக் களப்பில் மாரியைக் கழித்த ஊசிவால் தாராக்கள் வட ஆசியாவுக்குத் திரும்புகின்றன. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கூவும் ஆறுமணிக்குருவியும் சித்திரையளவில் இரவோடிரவாகக் கடல் கடந்து இந்தியாவுக்குப் போய்விடும். நாம் வழியனுப்பும் பறவையை வேறொரு நாட்டார் வசந்தம் வந்ததென்று வரவேற்கிறார்கள்.

2009ஆம் ஆண்டு தை மாதத்தில் நாமெல்லோரும் கிழக்கே இடம்பெயர்ந்தோம். அந்த மாசியிலும் இலுப்பை பூத்திருக்கும், பார்க்க ஆளில்லை. மீண்டு வந்தபோது சில மரங்களும் இல்லை. முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மிஞ்சிய மரங்களின் பெயர் தெரியாமற் போயிற்று. அது அவர்கள் குற்றமன்று. சொல்லிக் கொடுக்க வேண்டிய நாம் வீடு கட்டுவதிலும் கிணறு இறைத்துத் துப்புரவாக்குவதிலும் முனைந்திருந்தோம்.

ஆகவே மன்றத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். முதற் குயில் கேட்ட நாள், இலுப்பை பூத்த நாள், எவ்விடத்து மரம் என்பவற்றை அதில் எழுதுங்கள். மரத்தை அடையாளம் காட்டப் பெரியோர்கள் வாருங்கள். ஆறுமணிக்குருவி கடைசியாகக் கூவிய நாளைக் குறிப்பதுதான் சிரமம். இன்றும் கூவிற்று என்று நாள்தோறும் எழுதி வந்தால்தான் அது தெரியவரும்.