சத்திரசிகிச்சைக்கு வீடும் ஆயத்தமாதல்



பதுளை வைத்தியசாலையில் இன்ன திகதியில் சத்திரசிகிச்சை என்று கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டதும், தோட்டத்து வீட்டில் இருவகைப் பேச்சு எழும். ‘கத்தி வைக்கப் போகிறார்களாம்’ என்னும் அச்சப் பேச்சு ஒன்று; ‘அப்படியானால் பிள்ளைகளை யார் பார்ப்பது?’ என்னும் கவலைப் பேச்சு மற்றொன்று. முன்னதற்கு வைத்தியர் விடை கூறுவார். பின்னதற்கு விடை கூற எவருமிலர். குறித்த நாளைத் தவறவிட்டு, நோய் முற்றிய பின்னரே நம் பெண்களிற் பலர் மலையிறங்குவதற்கு இதுவே காரணம். கருப்பை இறக்கம், பித்தப்பைக் கல், கழுத்துக் கழலை, குடலிறக்கம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் நாள் குறித்தே சிகிச்சை செய்கின்றனர். நாள் குறிப்பது, ஆயத்தம் செய்ய அவகாசம் தருவதற்கேயாம்.

தொழிலாளரின் வைத்திய நலனுக்குத் தோட்டங்களும் பொறுப்பென 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைக் கட்டளைச் சட்டம் விதித்தது. ஆயினும் தோட்டத்து மருந்துச்சாலை காய்ச்சலுக்கும் காயத்துக்குமே போதுமாயிருந்தது. கத்தி எடுக்கவேண்டிய நோய்க்கு நகரத்தையே நாட வேண்டும், இன்றும் அவ்வாறே.

அச்சத்தைப் பற்றி ஒரு சொல். 1846ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஈதர் என்னும் மருந்தால் நோயாளியை மயக்கிச் சிகிச்சை செய்து காட்டும் வரையில், கத்தியென்றால் வேதனையே என்றிருந்தது. அந்தக் காலத்து நடுக்கம் இன்னும் நம் பேச்சில் தங்கியிருக்கிறது. அதற்குரிய காரணம் என்றோ போய்விட்டது.

இனி உடலின் ஆயத்தம். நம் தோட்டத்துப் பெண்களிடம் குருதிச்சோகை மிகுதி. குருதியில் இரும்புச்சத்துக் குறைந்தவர் சத்திரசிகிச்சையின் இழப்பைத் தாங்குவது கடினம்; காயம் ஆறுவதும் தாமதப்படலாம். ஆகவே பல வாரங்கள் முன்னதாகவே இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதை நம்மவர் எதனோடு விழுங்குகிறார்கள்? காலைத் தேநீரோடு! தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு, குடல் அதனை உறிஞ்சவிடாமற் செய்கிறது. நாட்டுக்கெல்லாம் கொழுந்து பறித்துக் கொடுப்பவளின் குருதிக்கே அக்கொழுந்து தடையாவது விந்தைதான். தேநீரைக் கைவிடச் சொல்லவில்லை. மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாத்திரையைத் தேசிக்காய்ச் சாறு கலந்த நீரோடு உட்கொண்டால் இரும்பு நன்கு சேரும். சோற்றோடு முருங்கைக்கீரையும் கருவாடும் சேரட்டும்.

புகைப்பவர் நான்கு வாரம் முன்னதாக நிறுத்தினாலும் நெஞ்சுக்கும் காயத்துக்கும் பெருநன்மை உண்டு. வெற்றிலையும் புகையிலையும் அப்படியே. அன்றைய காலையில் வாயில் ஒரு துண்டுப் பாக்கும் இருத்தலாகாது. ஆடும் பல் இருந்தால் மயக்கமருந்து வைத்தியரிடம் சொல்லுங்கள். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உண்ணும் மாத்திரைகளை மட்டுமன்று, குருதி உறையாதிருக்க எடுக்கும் மாத்திரையையும் நாட்டு வைத்தியரின் கஷாயத்தையும் மறையாது கூறுங்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை அவர்தாம் தீர்மானிக்க வேண்டும். முதல்நாள் சோப்புப் போட்டுக் குளிப்பது நன்று. ஆனால் சிகிச்சை செய்யும் இடத்து மயிரை வீட்டிலே சவரக்கத்தியால் மழிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியே கிருமி புகும்.

பட்டினி பற்றி நம்மிடையே குழப்பம் அதிகம். மயக்கநிலையில் வயிற்றிலுள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே திட உணவையும் பால் தேநீரையும் ஆறு மணி நேரத்துக்கு முன்னும், தண்ணீரையும் பால் கலவாத வெறுந்தேநீரையும் இரண்டு மணி நேரத்துக்கு முன்னும் நிறுத்துவது பொது விதி. வார்ட்டில் வேறு நேரம் சொன்னால் அதுவே விதி. ‘பாவம், பசியோடிருக்கிறாள்’ என்று இரக்கப்பட்டு ஒரு பணிஸைக் கையில் திணிக்கும் உறவினர்தாம் இதில் பெரிய இடையூறு.

தாலி. இதைச் சொல்லத் தயங்குவோர் உளர், நான் சொல்லிவிடுகிறேன். சத்திரசிகிச்சைக் கூடத்தில் மின்சாரத்தால் இயங்கும் கருவிகள் உண்டு. உலோகம் உடலில் இருந்தால் சுட்டுவிடக்கூடும். மோதிரமோ விரல் வீங்கும்போது இறுகும். அன்று காலையில் தாதியர் கேட்டுக் கழற்றிக் கண்ணீர் விடுவதினும், முதல்நாளே வீட்டில் மாமியாரின் கையிலோ தாயின் கையிலோ கொடுத்து வருவது மேல். தாலி கழற்றப்படுவதில்லை, காவலில் வைக்கப்படுகிறது என்று மூத்தவர் ஒருவர் சொன்னால் அப்பெண்ணின் நெஞ்சு ஆறும்.

சம்மதப் பத்திரம் விளங்காமற் கையொப்பமிடாதீர்கள். தமிழும் 1987ஆம் ஆண்டு முதல் இந்நாட்டின் அரச கரும மொழியாகும். தமிழில் விளக்கம் கேட்பது எவருக்கும் தொந்தரவு கொடுப்பதன்று. ஆயினும் சிங்களம் நன்கறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வது புத்தி. எந்த உறுப்பை எடுக்கிறார்கள், ஏன், எத்தனை நாள் தங்க வேண்டும் என்னும் மூன்று கேள்விகளையும் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள்.

இனி வீடு. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பேருந்துக் கட்டணமும் பேர் விழாத நாட்களின் சம்பளமும் இலவசமல்ல. சீட்டுப் பணம் எந்த மாதம் கைக்கு வரும் என்று பார்த்து, முடிந்தால் வைத்தியரிடம் அதற்கேற்ற திகதியைக் கேட்பதில் வெட்கமில்லை. பதுளைக்குப் புகைவண்டி 1924இல் வந்துவிட்டது; மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்தார்க்கோ இன்றும் வளைந்திறங்கும் வீதிதான். ஒக்டோபர் முதல் மழைக்காலத்தில் மண்சரிந்து வழி அடைபடும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. அக்காலத்தில் ஒருநாள் முன்னதாகவே நகரத்து உறவினர் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

வயிற்றில் சிகிச்சை பெற்றவர் ஏறத்தாழ ஆறு வாரம் பாரம் தூக்கலாகாது. பீலியிலிருந்து கொண்டுவரும் ஒரு வாளித் தண்ணீர் பத்துக் கிலோ. தலையில் கயிறு மாட்டிச் சுமக்கும் கொழுந்துக் கூடை அதனினும் மிகுதி. இலகுவேலைக்கான வைத்தியர் கடிதத்தை வீடு திரும்பும் நாளிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கென மலையிறங்குதல் வீண் அலைச்சல். லயத்தின் கோடியிலுள்ள கழிவறைக்கு இரவில் நடப்பதும் குந்தியிருப்பதும் துன்பம். நடுவே துளையிட்ட நாற்காலி ஒன்று முன்னரே ஆயத்தமாகட்டும். எனினும் படுத்த படுக்கையாய்க் கிடத்தல் கூடாது. மெல்ல நடந்தாற்றான் காலில் குருதி உறையாதிருக்கும். காய்ச்சல், சீழ், ஒரு காலின் வீக்கம், மூச்சிரைப்பு இவற்றில் ஒன்று தோன்றினாலும் 1990 என்னும் இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த இலக்கத்தைக் கதவின் உட்புறத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

தண்ணீர் யார் சுமப்பது, பிள்ளைக்காம்பிராவிலிருந்து சிறியவனை யார் அழைத்து வருவது, அடுப்பை யார் மூட்டுவது? இவற்றைத் திகதி குறித்த அன்றிரவே பேசி முடிக்க வேண்டும். அண்டை வீட்டு அக்காவிடம் கேட்பதற்கு முன், வீட்டுத் தலைவன் ஒரு வாரம் முன்னதாகவே ரொட்டி தட்டிப் பழகட்டும். முதலிரண்டு நாள் அது கருகும். மூன்றாம் நாள் பிள்ளைகள் உண்பார்கள்.