படிவத்தில் இடமில்லாத தாய்

(சிட்னி, லிட்கம்மில் நடைபெற்ற குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளன் அல்லன். கணினித்துறையில் பணியாற்றும் பொறியியலாளன். வார இறுதிகளில் தமிழ் வகுப்புகளுக்குக் கணினி வேலைகள் செய்து கொடுக்கும் தொண்டன். இன்று நான் சொல்ல வந்தது நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வகுப்பில் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கான இணையப் படிவத்தை நானே உருவாக்கினேன். தாயின் பெயர், தந்தையின் பெயர் இரண்டையும் நிரப்பாவிடின் அது ஏற்றுக்கொள்ளாது. ஒரு நாள் ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, என்ரை மகளுக்கு ரெண்டு அம்மா. தகப்பன் பேர் கேக்கிற இடத்திலை நான் என்ன எழுத?" என்றார். "ஒரு கோடு போட்டு விடுங்கோ அக்கா" என்றேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பின்னர், "அவ கோடு இல்லைத் தம்பி, பிள்ளையை வளர்க்கிறவ" என்று கூறி அழைப்பைத் துண்டித்தார். அந்தப் பிள்ளை அவ்வாண்டு வகுப்பில் சேரவில்லை.

அதன் பின்னரே நான் தேடிப் படித்தேன். செயற்கைக் கருத்தரிப்பு மூலம் பிறந்த பிள்ளையின் பிறப்புப் பதிவில் இரு தாய்மாரின் பெயர்களையும் இடுவதற்கு நியூ சவுத் வேல்ஸ் சட்டம் 2008ஆம் ஆண்டிலேயே வழி செய்திருந்தது. 2010ஆம் ஆண்டு தன்பாலினத் தம்பதியர் பிள்ளைகளைத் தத்தெடுக்கவும் இம்மாநிலம் உரிமை அளித்தது. அரசின் பதிவேட்டில் இருந்த தாய்க்கு எனது படிவத்தில் இடமிருக்கவில்லை.

சட்டம் மாறினால் மட்டும் மனங்கள் மாறிவிடுவதில்லை. 2017ஆம் ஆண்டு திருமணச் சமத்துவம் பற்றிய அஞ்சல்வழிக் கருத்தறிதலில் நாடளாவிய ரீதியில் 61.6 விழுக்காட்டினர் "ஆம்" என்றனர். எமது அயலிலுள்ள பிளக்ஸ்லண்ட் தொகுதியிலோ 73.9 விழுக்காட்டினர் "இல்லை" என்றனர். அத்தகைய அயலில்தான் அந்தத் தாய் தொலைபேசியைக் கையில் எடுத்தார். அதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்!

இங்கிருந்து சில புகையிரதத் தரிப்பிடங்கள் தள்ளி பர்வூட் இருக்கின்றது. 2015 ஓகஸ்டில் அங்குள்ள பெண்கள் உயர்நிலைப் பாடசாலையில் 'கேபி பேபி' என்ற ஆவணப்படத்தைக் காண்பிக்க ஏற்பாடாகியிருந்தது. எதிர்ப்புக் கிளம்பவே, பாடசாலை நேரத்தில் அதனைக் காண்பிக்கக் கூடாதென மாநிலக் கல்வி அமைச்சர் பணித்தார். அப்படத்தை இயக்கிய மாயா நியூவெல், தாமும் இரு தாய்மாரால் வளர்க்கப்பட்டவர். அப்படியென்ன இருக்கின்றது அதில்? வாசிக்கத் தடுமாறும் ஒரு சிறுவன். மல்யுத்தத்தில் மோகம் கொண்ட இன்னொருவன். பாடகியாக விரும்பும் ஒரு சிறுமி. கடவுளைப் பற்றிக் கேள்வி கேட்கும் மற்றொருவன். எமது வீட்டுப் பிள்ளைகளின் கவலைகள்தாம்.

"இது எமது பண்பாடா?" எனச் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. பெரியம்மா, சின்னம்மா, அம்மம்மா, அப்பம்மா என்று எமது உறவுச் சொற்கள் பலவற்றிலும் அம்மா இருக்கின்றார். போரில் பெற்றோரை இழந்த எத்தனை பிள்ளைகளைப் பெரியம்மாவும் அம்மம்மாவும் வளர்த்தெடுத்தார்கள்! "இது குடும்பம்தானா?" என்று அவர்களை எவரும் கேட்டதில்லை. திருமணம் ஒன்று மட்டுமே குடும்பம் அமைக்கும் வழியன்று எனச் சென்னை உயர் நீதிமன்றமும் 2025 மே மாதம் கூறியிருக்கின்றது.

நான் அந்த அக்காவை மீண்டும் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அன்று அவர் நெடுநேரம் பேசினார். மகள் இடியப்பத்தைத் தொட மறுப்பது பற்றி. தமிழ் தெரியாத அந்த மற்றைய அம்மா, மகளின் வீட்டுப்பாடத்திற்கு உதவவென இரவில் அ, ஆ எழுதிப் பழகுவது பற்றி. என் வீட்டிலும் இதே இடியப்பப் போராட்டம்தான் என்றேன். இருவரும் சிரித்தோம். எத்தனையோ சட்டங்களைப் படித்தும் கிட்டாத நெருக்கம், அந்த ஒரு கதையில் கிட்டியது.

படிவத்தில் "பெற்றோர் அல்லது பாதுகாவலர் 1, 2" என மாற்றினேன். பத்து நிமிட வேலை. அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை வகுப்பிற்கு வந்தாள்.

அன்பான உறவுகளே, எமது கதையைக் கேளுங்கள் என்று உலகின் கதவுகளைத் தட்டி நிற்பவர்கள் நாங்கள். எமது வாசலில் நின்று தம் கதையைச் சொல்ல வருவோருக்குச் செவிமடுக்க மறுப்பது எமக்கு அழகாகுமா? உங்கள் சங்கத்தின் படிவங்களை இன்றே எடுத்துப் பாருங்கள். "அப்பா எங்கே?" என்று ஒரு பிள்ளையை முதலில் கேட்காதீர்கள். "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். மிகுதியைப் பிள்ளையே சொல்லும்.