காணிக்கையும் தலைமையும்: தூத்துக்குடி மறைமாவட்டம் நமக்குக் கற்றுத்தரும் பாடம்

(மருத்துவமனை ஆதரவாளர் கூட்டத்தில் நமது சாப்ளின் ஐயா ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரு மறைமாவட்டத்தின் வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அது கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த தூத்துக்குடி மறைமாவட்டம். "ஐயா, அது நம் சபை அல்லவே" என்று சிலர் நினைக்கலாம். நமது வார்டுகளில் ஜெபமாலை வைத்திருக்கும் தாயும், வேதபுஸ்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கும் தாயும் அடுத்தடுத்த கட்டில்களில்தான் படுத்திருக்கிறார்கள். அயலார் வீட்டில் தேவன் செய்த காரியங்களிலும் நமக்குப் பாடம் உண்டு.

அந்த வரலாற்றில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. ஊழியத்திற்குப் பணம் கொடுப்பது யார்? அதை நடத்துவது யார்? இந்த இரண்டும் ஒரே மக்களின் கையில் இல்லாதபோது என்ன நடக்கும்? நம் மருத்துவமனையைத் தாங்கிவரும் உங்களுக்கு இது மிக நெருக்கமான கேள்வி.

முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் அவர்களுக்குப் போதிக்க ஆள் இல்லை. 1542-இல் அந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஊர் ஊராக நடந்தார். தாம் புறப்பட்டுப் போனபின் ஜெபங்களைச் சொல்லிக்கொடுக்க ஒவ்வொரு ஊரிலும் ஓர் உபதேசியாரை நியமிக்க விரும்பினார். அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே! அந்தக் கரையிலிருந்து போர்த்துக்கல் ராணியின் காலணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் 4000 பணம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பணத்தை உபதேசியார்களுக்குக் கொடுக்கும்படி சவேரியார் ராணியிடம் விண்ணப்பம் செய்தார், ராணியும் இசைந்தார்.

இந்தச் சம்பவத்தை நாம் ராணியின் தயாளத்துக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். ஆனால் அந்த 4000 பணம் எங்கிருந்து வந்தது? மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கி முத்தெடுத்த மக்களின் உழைப்பிலிருந்து வந்தது. கொடுத்தது அவர்கள், பெயர் ராணிக்கு. அவர்கள் கொடுத்தது அவர்கள் பிள்ளைகளிடமே திரும்பி வந்தது என்பதே அதில் உள்ள மகிழ்ச்சி.

சவேரியாருக்குப் பின் வந்த இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். 1578-இல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" அவருடைய கைவண்ணம். இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளில் அச்சாகி இன்று நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் பழமையானது அந்த 16 பக்கச் சிறு நூல்தான். அச்சுச் செலவுக்கு முத்துக்குளித்துறை மக்களே பொருள் கொடுத்தார்கள். அவரே புன்னைக்காயலில் நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனையையும் தொடங்கினார். மருத்துவமனைக்காகக் கூடியிருக்கும் நாம் இதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் மிஷன் மருத்துவமனைகள் பெருகுவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஒரு மீனவர் ஊரில் இந்த ஊழியம் ஆரம்பமாகிவிட்டது.

பின்பு சோதனைக் காலம் வந்தது. 1658-இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் வசமானது. கத்தோலிக்கக் குருக்களுக்கு நெருக்கடி உண்டானது. மக்களோ தங்கள் விசுவாசத்தை விடவில்லை. ஒல்லாந்தர் ஆட்சி நடக்கும்போதே, 1713-இல், இன்று நாம் காணும் பனிமய மாதா கோயில் எழும்பியது. 1759-இல் போர்த்துக்கல் அரசு இயேசு சபையாரை வெளியேற்றியது. 1773-இல் போப்பாண்டவர் அந்தச் சபையையே கலைத்தார். குருக்கள் குறைந்துபோன அந்த நாட்களிலும் ஊர்ப் பெரியவர்களும் உபதேசியார்களும் கோயில்களைக் காத்தார்கள். பனிமய மாதாவின் பொன் தேர் 1806-இல் ஓடியது. அதைச் செய்வித்தவர் பரதவ ஜாதித் தலைவர்.

அருமையானவர்களே, கொடுப்பதில் அந்த மக்கள் எந்தக் காலத்திலும் பின்வாங்கவில்லை. ஆனால் சுமார் 380 ஆண்டுகளாக அவர்களில் ஒருவர்கூட ஆயர் ஆகவில்லை. கப்பலில் வந்தவர்களே மேய்ப்பர்களாக இருந்தார்கள். அவர்களில் தியாகசீலர்கள் ஏராளம். 1830-களின் இறுதியில் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்த பிரெஞ்சு இயேசு சபையாரில் பலர் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இளம் வயதிலேயே பலியானார்கள். அந்தக் கல்லறைகளை நாம் மதிக்கிறோம். ஆனாலும் ஒரு வீட்டின் பிள்ளைகள் எப்போதும் விருந்தாளியின் கையிலேயே சாவியைக் கொடுத்துவைத்திருக்க முடியாது அல்லவா?

1919 நவம்பர் 30-ஆம் தேதி போப்பு பதினைந்தாம் பெனடிக்ட் வெளியிட்ட மடலில், மிஷன் நாடுகளில் அந்தந்த மண்ணின் குருக்களைத் தலைமைக்கு ஆயத்தப்படுத்த வேண்டும் என்று அழுத்தமாகச் சொன்னார். நான்கே ஆண்டுகளில் அதன் கனி தெரிந்தது. 1923 ஜூன் 12-ஆம் தேதி திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானது. அதன் முதல் ஆயராகப் பரதவ குலத்தில் பிறந்த இயேசு சபைக் குரு பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் நியமிக்கப்பட்டார். நவீன காலத்தில் இந்தியாவின் இலத்தீன் வழிபாட்டு முறைத் திருச்சபையில் மறைமாவட்ட ஆயரான முதல் இந்தியர் அவரே.

இதற்கு 11 ஆண்டுகளுக்கு முன், 1912 டிசம்பர் 29-ஆம் தேதி, கல்கத்தாவில் இன்னொருவர் அபிஷேகம் பெற்றார். அவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். தோர்ணக்கல் அவருடைய அத்தியட்சாதீனம். ஒருவர் கடற்கரையின் மகன், ஒருவர் பனைவிளையின் மகன். இருவரும் இப்போதைய தூத்துக்குடி மாவட்டத்து மக்களே. பேராயர் ஆவதற்கு முன்பே, 1903-இல், திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களின் பணத்திலும் நிர்வாகத்திலும் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்க அசரியா துணை நின்றார். தலைமை வருமுன் பொறுப்பு வந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆயர் ரோச் 30 ஆண்டுகள் மேய்ப்பராக இருந்தார். அவர் காலத்தில், 1948-இல், தூத்துக்குடியில் பெண்களுக்கென்று தூய மரியன்னைக் கல்லூரி பிறந்தது. 1953-இல் அவர் விலக, ஆயர் தாமஸ் பர்னாந்து பொறுப்பேற்றார். 1955-இல் ஆயர் ரோச் இறைவனடி சேர்ந்தார். பிற்காலத்தில் ஆயர் அமலநாதர் 1980 முதல் 2005 வரை மறைமாவட்டத்தை நடத்தினார். அவருக்குப் பின் வந்த ஆயர் இவோன் அம்புரோஸ் கடற்கரையைச் சேர்ந்தவர் அல்லர், புதுச்சேரிக்காரர். 2019-இல் பொறுப்பேற்ற ஆயர் ஸ்டீபன் அந்தோணி பிள்ளை வேலூர் மறைமாவட்டக் குருவாக இருந்தவர். நம்மவர் ஆள வேண்டும் என்பது நம் சாதியார் ஆள வேண்டும் என்று சுருங்கிவிடக் கூடாது என்பதை இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

இதைச் சொல்லும்போது வடக்கன்குளத்தை மறக்க முடியாது. அங்கே திருக்குடும்பக் கோயிலை 1872-இல் கட்டியபோது, ஒரு சாதியார் ஒரு பக்கமும் மற்றவர்கள் மறுபக்கமுமாக அமரும்படி இரண்டாகப் பிரித்தே கட்டினார்கள். ஒரே பீடம், நடுவில் தடுப்பு. 1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தத் தடுப்பு நீக்கப்பட்டது. உயர்ந்த சாதியார் என்று தங்களைக் கருதியவர்கள் வழக்குத் தொடர்ந்து சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள். கோயிலுக்குள் சாதிக்கென்று தனி உரிமை கிடையாது என்று நீதிமன்றம் தீர்த்தது. கோயில் கட்டக் காசு கொடுத்ததாலேயே கோயிலைப் பங்கு போட உரிமை வந்துவிடாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கடற்கரை ஊர்களில் பிடிபடும் மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு என்பது பழைய வழக்கம். ஆரம்பத்தில் அது நன்றிக் காணிக்கை. நாளடைவில் அது "கோயில் குத்தகை" ஆயிற்று. வசூலிக்கும் உரிமை ஏலம் விடப்பட்டது. ஏலம் எடுத்தவர் கரையில் நின்று கணக்காய்ப் பிரித்தெடுத்தார். கடலில் உயிரைப் பணயம் வைத்தவர் வெறுங்கூடையோடு வீடு போன நாளும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் இதை எதிர்த்து மீனவர்களே குரல் எழுப்பினார்கள். இடிந்தகரையில் 1960-களில் இந்தத் தகராறு முற்றி, ஒரு பகுதியினர் திருச்சபையை விட்டே பிரிந்துபோனார்கள். ஒல்லாந்தரின் அதிகாரத்தால் அசைக்க முடியாத விசுவாசத்தை ஒரு மீன் குத்தகை அசைத்துவிட்டது. கட்டாயமாய் வாங்குவதைப்பற்றி அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு ஏன் அவ்வளவு எச்சரிக்கையாக எழுதினார் என்பது இங்கே விளங்குகிறது.

ஆகையால், பிரியமானவர்களே, நம் ஊழியத்திற்கு இதிலிருந்து மூன்று காரியங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, இந்த மருத்துவமனை இப்போது நம்முடையது. கடல் கடந்து வந்த மருத்துவர்களும் அங்கிருந்து வந்த பணமும் ஒரு காலத்தில் நம்மைத் தாங்கின. அந்தக் காலம் கடந்துவிட்டது. தலைமையை மட்டும் ஏற்றுக்கொண்டு செலவை வேறொருவர் பார்க்கட்டும் என்றிருந்தால், நாம் வாங்கியது சாவி மட்டுமே, வீடு அல்ல.

இரண்டாவது, கொடுக்கிற உங்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. தாராளமாய்க் கேளுங்கள். எத்தனை ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை, எவ்வளவு மருந்துச் செலவு என்று சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள். கணக்கு மறைக்கப்படும் இடத்தில் காணிக்கை குத்தகையாகிவிடும்.

மூன்றாவது, கொடுத்தவர் என்பதற்காக எவருக்கும் தனி வரிசை வேண்டாம். நமது புறநோயாளர் பிரிவில் நன்கொடையாளருக்கும் நாட்கூலிக்கும் ஒரே பெஞ்சுதான் இருக்க வேண்டும். வடக்கன்குளத்தில் இடித்த தடுப்பை நாம் இங்கே பணத்தால் கட்டக் கூடாது.

நம்மில் சிலர் பெரிய தொகை அனுப்புகிறீர்கள். சிலர் மகன் அனுப்பும் பணத்திலிருந்து மாதம் ஐம்பது, நூறு என்று எடுத்துவைக்கிறீர்கள். முத்துக்குளித்துறையில் 16 பக்கப் புத்தகத்துக்குக் காசு கொடுத்தவர்களின் பெயர்கள் எந்த அட்டையிலும் இல்லை. ஆனாலும் அந்தப் புத்தகம் 400 ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. உங்கள் காணிக்கையால் சுகம் பெற்று வீடு திரும்புகிறவர்களில் பலருக்கும் உங்கள் பெயர் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும்.

தாமே நல்ல மேய்ப்பராகிய ஆண்டவர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.