உறவினர் இரத்தமும் பாதுகாப்பும்



இரத்தம் ஏற்ற வேண்டும் என்றதும், வெளியாள் இரத்தம் வேண்டாம், உடன்பிறந்தார் இரத்தமே போதும் என வலியுறுத்துவோர் நம்மிடையே பலர். பாசத்தால் எழும் எண்ணம் அது. மருத்துவமோ வேறு கூறுகிறது. இரத்தத்துடன் கொடுப்பவரின் வெள்ளணுக்களும் நோயாளியின் உடலுள் செல்கின்றன. அந்நியருடையவை எனில் உடல் அவற்றை இனங்கண்டு அழித்துவிடும். நெருங்கிய உறவினரின் திசு அமைப்பு ஒத்திருப்பின், உடல் அவற்றைத் தன்னுடையவை எனக் கருதி விட்டுவைக்கும். அவை பெருகித் தோல், குடல், ஈரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றைத் தாக்கும். இஃது அரிது, வந்துவிட்டால் பெரும்பாலும் உயிர் தப்புவதில்லை. உறவுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் நம் குடும்பங்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். உறவினர் இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பின்னரே ஏற்ற வேண்டும். அவ்வசதி எல்லா ஊர்களிலும் இல்லை.

மற்றொன்று. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்திற்கும் சோதனை கட்டாயம். ஆயினும் தொற்றிய தொடக்க நாட்களில் கிருமி புலப்படாது. நியூக்ளிக் அமிலச் சோதனை அவ்விடைவெளியைச் சுருக்கியதேயன்றி ஒழிக்கவில்லை. அங்கே காப்பது கொடுப்பவரின் வாய்மையே. சுற்றம் சூழ நிற்கையில் மைத்துனர் எங்ஙனம் உண்மை உரைப்பார்? உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பால் 1998 முதல் இரத்த விற்பனை தடை செய்யப்பட்டது. உறவினரை நெருக்குவது மட்டும் நிற்கவில்லை.

ஆகவே 18 வயது நிறைந்த, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள நம் இளைஞர்கள் தாமாகவே முன்வர வேண்டுகிறோம். சிவப்பணுக்களை 35 முதல் 42 நாட்கள் வரை சேமிக்கலாம். ஷஅபான் இறுதியில் கொடுப்பது ரமலான் முழுவதற்கும் உதவும்.