மாசி வீதியில் சித்திரைத் தேர்

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போகிறவர்களிடம் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டால், மீனாட்சி திருக்கல்யாணம் என்பார்கள். இல்லையென்றால் அழகர் வைகை ஆற்றில் இறங்குவது என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு காலைப்பொழுது இருக்கிறது. திருக்கல்யாணத்துக்கு மறுநாள், பதினோராம் திருநாள், தேரோட்டம். ஒரே ஒரு நாள்தான் மதுரையில் தங்க முடியும் என்றால், அந்த நாளில் வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

விடியும் முன்பே கீழமாசி வீதிக்கு வந்துவிட வேண்டும். மற்ற நாட்களில் மூட்டை ஏற்றி இறக்கும் சத்தமும் மிளகாய் நெடியுமாக இருக்கிற பலசரக்குக் கடைத் தெரு அது. இன்று கடையெல்லாம் சாத்தியிருக்க, தேரடியில் இரண்டு தேர்கள் நிற்கின்றன. பெரிய தேர் சுவாமிக்கு, சின்னத் தேர் அம்மனுக்கு. பக்கத்தில் போய்ப் பாருங்கள். மேலே நான்கு புறமும் தொங்குகிற குழல் போன்ற துணிகளுக்குத் தொம்பை என்று பெயர். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று துண்டு துண்டாக வெட்டி ஒட்டித் தைத்தவை. தலைமுறை தலைமுறையாகப் புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தையல் இயந்திரத்தைப் போட்டு உட்கார்ந்து இவற்றைத் தைத்தவர்கள் உண்டு. அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. தொம்பைக்குக் கீழே மரம். யாளியும் பூதமும் தெய்வ உருவங்களும் அடுக்கடுக்காக இருக்கின்றன. எண்ணெய் ஏறிக் கறுத்த அந்தச் சிற்பங்களைத் தேர் நிற்கும்போதுதான் நிதானமாகப் பார்க்கலாம்.

முதல் பூசை தேரடிக் கருப்பண்ணசாமிக்கு. அவர் உத்தரவு இல்லாமல் சக்கரம் நகராது என்பது நம்பிக்கை. பெரிய தேரில் சுந்தரேசுவரர் பிரியாவிடை அம்மனோடு ஏறிக்கொள்கிறார். மீனாட்சி தனித் தேரில் வருகிறாள். எட்டாம் திருநாளில் பட்டாபிஷேகம் முடிந்து செங்கோல் அவள் கைக்கு வந்துவிட்டது. சித்திரை தொடங்கி நான்கு மாதம் மதுரையில் நடப்பது அவள் ஆட்சி. கல்யாணமான மறுநாளே ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிற அரசியாக அவளைப் பார்த்தால்தான் இந்தக் காலையின் பொருள் விளங்கும்.

முரசு சுமந்த டங்கா மாடும் கோயில் யானையும் முன்னே போகின்றன. பிள்ளையாரும் முருகனும் சப்பரத்தில் போகிறார்கள். அப்புறம் ‘ஹர ஹர சுந்தர மகாதேவா’ என்று ஒரு குரல் எழும்பும். தெரு முழுக்க அதை வாங்கிச் சொல்லும். வடம் தரையிலிருந்து எழும்பும். வடத்தைப் பிடித்திருக்கும் பெண்களின் கழுத்தைப் பாருங்கள், நேற்று திருக்கல்யாண நேரத்தில் மாற்றிக்கொண்ட புது மஞ்சள் கயிறு வியர்வையில் நனைந்திருக்கும்.

நீங்கள் நிற்க வேண்டிய இடம் விளக்குத்தூண். கீழமாசி வீதி முடிந்து தெற்குமாசி வீதி தொடங்கும் முக்கு அது. நேராக ஓடுகிற தேரை இழுக்க ஆள்பலம் போதும். முக்கில் திருப்புவதற்குத் தொழில் தெரிந்த கை வேண்டும். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. முட்டுக்கட்டைக்காரர்கள் சக்கரத்தை ஒட்டியே நடந்து வருவார்கள். கையில் ஆப்பு வடிவத்தில் செதுக்கிய கனத்த மரக்கட்டை. எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்துச் சக்கரத்தைக் கட்டை கொடுத்து அடக்க, மறுபக்கம் முன்னேற, தேர் கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைத் திருப்பும். கட்டையைப் போடுவதும் கையை எடுப்பதும் கண் இமைக்கும் நேரம். உருளுகிற சக்கரத்துக்கு முன்னால் குனிந்து அதைச் செய்கிற மனிதரை நம்பித்தான் அவ்வளவு பெரிய கூட்டமும் வடத்தை இழுக்கிறது. எனக்கு அந்த முட்டுக்கட்டைக்காரர்கள்மேல் தனி மரியாதை உண்டு.

சித்திரையில் ஓடும் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது? முன்பு இந்த விழா மாசியில்தான் நடந்தது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில் இது சித்திரைக்கு மாறியது. மாசி என்றால் வைகைக் கரைச் சீமையில் அறுப்புக் காலம். களத்தை விட்டுவிட்டு யார் வடம் பிடிக்க வருவார்? அறுவடை முடிந்து, கையில் காசும் நேரமும் இருக்கிற சித்திரைக்கு விழாவைத் தள்ளிவைத்தார் என்று மதுரையில் சொல்வார்கள். தேனூர்ப் பக்கம் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த திருமாலான அழகரும் மதுரைக்கு வர, சைவமும் வைணவமும் ஒரே கூட்டத்தில் கலந்தன. உழவருடைய வேலை நாளைப் பார்த்துச் சாமியின் நாளைக் குறித்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

துணிக்கடைகள் நிறைந்த தெற்குமாசி வீதியைத் தாண்டி, மேலமாசி வீதிக்குத் தேர் திரும்பும்போது வெயில் ஏறிவிடும். அந்தத் தெருவில் ஒரு வீட்டில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார். தேர் நாளில் அங்கே திண்ணைக்குத் திண்ணை நீர்மோர், பானகம், பனையோலை விசிறி. மாடியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்களையும் பார்க்கலாம். வடக்குமாசி வீதியும் கடந்து தேர் நிலைக்கு வந்து சேர உச்சிப்பொழுது நெருங்கிவிடும்.

2020, 2021 இரண்டு ஆண்டுகளும் கொரோனாவால் தேர் நிலையிலேயே நின்றது. 2022இல் மறுபடி ஓடியபோது மாசி வீதிகள் கொள்ளாத கூட்டம்.

சித்திரைக்கு வர முடியாதவர்கள் ஆடிப் பௌர்ணமிக்கு அழகர்கோயில் வாருங்கள். மதுரையிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர். அங்கே கோட்டை மதிலைச் சுற்றி ஓடுகிறது அழகரின் தேர். சுற்றியுள்ள ஊர்களின் நாட்டார்கள் வடம் தொட்ட பிறகே அது கிளம்பும். பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியில் சந்தனம் மணக்கும். அந்த ஊர்களுக்கும் அழகருக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொள்ள தொ. பரமசிவன் எழுதிய ‘அழகர் கோயில்’ நூலைப் படித்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

சித்திரைத் தேருக்கு வருகிறவர்களுக்கு இரண்டு சொல். வண்டியை வெளிவீதிக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள். செருப்பில்லாமல் நடக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்பது மணிக்கு மேல் நிழல் பார்த்து நடங்கள், தார் கொதிக்கும். நிலைக்கு வந்த தேரைக் கும்பிட்டுவிட்டு உடனே ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள்; அழகர் மலையிலிருந்து மதுரைக்கு வரும் சமயம் அது. அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையைப் பார்க்கத் தல்லாகுளத்தில் ஜனம் கூடும்.